ரிசீவருக்கு ஈதர்நெட் கேபிள் இழுத்த பிறகும் கைபேசியும் மடிக்கணினியும் அதைக் கண்டுகொள்ளவில்லை

மந்தைவெளிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மந்தைவெளியில், மெட்ராஸ் டெரஸ் தளம் போட்ட பழைய தனி வீட்டில் வசிக்கிறேன். பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கர்நாடக இசை சிடிக்கள் ஏறக்குறைய 400 இருக்கின்றன. அவற்றையெல்லாம் இரண்டு கோடை விடுமுறைகளில், ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக மாற்றி, பழைய விண்டோஸ் மடிக்கணினி ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். கூடத்தில் உள்ள ஆடியோ ரிசீவர் அந்தக் கோப்புகளை நெட்வொர்க் வழியாக எடுத்துப் பாட வேண்டும், கைபேசியிலிருந்து அதை நான் இயக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இணைய நிறுவனத்தார் கொடுத்த ஃபைபர் பெட்டி வாசல் அறையில் இருக்கிறது. அதன் வைஃபை மாடி வரை வருவதில்லை என்பதால், பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகன் சென்ற முறை வந்தபோது மாடியில் தனியாக ஒரு ரூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனான். நான் குழம்பக்கூடாது என்று இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வைஃபை பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் வைத்திருக்கிறான். சுவர்கள் ஒன்றரை அடி கனம் என்பதால் கூடத்திலும் வைஃபை திணறியது. ஆகவே போன மாதம் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, வாசல் அறைப் பெட்டியிலிருந்து கூடத்து ரிசீவர் வரை ஏறக்குறைய 20 மீட்டர் ஈதர்நெட் கேபிள் இழுத்தேன்.

இப்போது ரிசீவரின் நெட்வொர்க் பக்கத்தில் ‘இணைக்கப்பட்டது’ என்று வருகிறது, இணைய வானொலியும் நன்றாகப் பாடுகிறது. ஆனால் கைபேசிச் செயலி ‘எந்தச் சாதனமும் கிடைக்கவில்லை’ என்கிறது. மடிக்கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சற்று நேரம் வைத்திருந்தால் ரிசீவரின் பட்டியலில் அதன் பெயர் வருகிறது, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் மறைந்துவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்பாட்டிஃபை மட்டும் எங்கிருந்தாலும் ரிசீவரைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இன்னும் மூன்று சிக்கல்கள் உண்டு. மின்சாரம் போய் வந்தால் வானொலிகூட வருவதில்லை, ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிப் போட வேண்டியிருக்கிறது. கூடத்தில் மடிக்கணினி அகப்படும் நேரத்திலும், சிடியைவிட நுணுக்கமாகப் பதிந்த வேறு சில 24 பிட் கோப்புகளைப் போட்டால் அவ்வப்போது ஓரிரு விநாடி விக்குகிறது. ராகம் தானம் பல்லவியைக் கேட்கும்போது தானம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் சட்டென்று ஒரு மௌனம் விழுகிறது. சிடியில் அப்படி இல்லை. கேபிளை மாற்ற வேண்டுமா, ரிசீவரையே மாற்ற வேண்டுமா என்று தெரியவில்லை.

அடையாறு ஆலமரம் எழுதியது:

வணக்கம் அம்மா. எதையும் மாற்றி வாங்க வேண்டாம். இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்பதால் விடையின் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

ரிசீவர் ‘இணைக்கப்பட்டது’ என்று சொல்வதற்கு அதிகப் பொருள் கிடையாது. கேபிளின் மறுமுனையில் உயிருள்ள ஒரு பெட்டி இருக்கிறது, அது ஒரு முகவரியும் கொடுத்தது என்பதோடு அந்தச் செய்தி நின்றுவிடுகிறது. உங்கள் கைபேசியும் அதே தெருவில்தான் குடியிருக்கிறதா என்பதை அது சொல்லாது. நெட்வொர்க் வழியாகப் பாட்டு அனுப்பும் முறைகளான ஏர்பிளே, டிஎல்என்ஏ, ரிசீவர் நிறுவனத்தாரின் சொந்தச் செயலி ஆகியவை பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ‘இங்கே யாராவது ஒலிபெருக்கி இருக்கிறீர்களா’ என்று நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்க்கின்றன. டிஎல்என்ஏ குடும்பம் அந்தக் குரலை 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு அனுப்புகிறது, ஏர்பிளே 224.0.0.251 என்ற முகவரிக்கு அனுப்புகிறது. வீட்டு ரூட்டர்கள் இந்தக் குரலைத் தம் எல்லைக்கு அப்பால் கடத்துவதில்லை. நடுவில் ஒரு ரூட்டர் இருந்தால், ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டு சாதனங்களும் ஒன்றையொன்று அறியா.

ஸ்பாட்டிஃபையின் வழி வேறு. பாட்டை இணையத்திலிருந்து இழுப்பது ரிசீவர்தான், கைபேசி வெறும் ரிமோட். ஒருமுறை உங்கள் கணக்கோடு ரிசீவர் சேர்ந்துவிட்டால், அந்தக் கணக்கின் வழியாகவே இரண்டும் பெரும்பாலும் சந்தித்துக்கொள்ளும். ஆகவே அது வேலை செய்வதை வைத்து உள் நெட்வொர்க் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

எனக்கு நான்கு முகவரிகள் வேண்டும். ரிசீவரின் நெட்வொர்க் பக்கத்தில் உள்ள ஐபி முகவரி, மாடியில் இருக்கும்போது கைபேசியில் தெரியும் ஐபி முகவரி, மாடியில் மடிக்கணினியின் முகவரி, மின்சாரம் போய் வந்தவுடன் பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் ரிசீவர் காட்டும் முகவரி. இவை வீட்டுக்குள் மட்டும் வழங்கும் முகவரிகள் என்பதால் இங்கே எழுதுவதில் ஆபத்து ஒன்றுமில்லை.

மந்தைவெளிவாசி எழுதியது:

உடனே விளக்கியதற்கு நன்றி ஐயா. தாளில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ரிசீவர் 192.168.1.7. மாடியில் கைபேசி 192.168.0.104, மடிக்கணினி 192.168.0.102. நேற்று மாலை மழையில் மின்சாரம் போய் அரை மணி கழித்து வந்தது. அப்போது ரிசீவரில் 169.254.33.120 என்று இருந்தது. அதைப் பார்த்தவுடன் நான் ஏதோ தவறாகப் படித்துவிட்டேனோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

அடையாறு ஆலமரம் எழுதியது:

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள் அம்மா. முதல் மூன்று எண்களைப் பாருங்கள். ரிசீவர் 192.168.1 என்ற தெருவில் இருக்கிறது, கைபேசியும் மடிக்கணினியும் 192.168.0 என்ற தெருவில் இருக்கின்றன. வாசல் பெட்டி ஒரு தெருவுக்கு முகவரி வழங்குகிறது. மாடி ரூட்டர் அதன் பின்னால் தனியாக இன்னொரு தெருவை உண்டாக்கி, அதற்கு வாசற்கதவும் போட்டு வைத்திருக்கிறது. மடிக்கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் வாசல் பெட்டியின் வைஃபையைப் பிடித்துக்கொண்டு முதல் தெருவுக்கு வந்துவிடுகிறது, மாடிக்குப் போனால் மறுபடி இரண்டாம் தெரு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் இந்த மாற்றம் உங்கள் கண்ணில் படவே இல்லை. உங்கள் மகன் செய்ததில் குற்றம் இல்லை; வெறும் இணையத்துக்கு அந்த ஏற்பாடு போதும். நெட்வொர்க் ஒலிச் சாதனம் வந்த பிறகுதான் இந்தக் குறை வெளியே தெரியும்.

இதற்குத் தீர்வு, மாடிப் பெட்டி ரூட்டர் வேலையை விட்டுவிட்டு, வைஃபை கொடுக்கும் வேலையை மட்டும் செய்யும்படி வைப்பது. இப்போது கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ரூட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்று ஒரு தெரிவு இருக்கும். அதைத் தேர்ந்து சேமித்தால் பெட்டி அணைந்து எழும். அதற்குப் பிறகு எல்லா முகவரிகளையும் வாசல் பெட்டியே வழங்கும், மாடியிலும் 192.168.1 என்றே தொடங்கும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

அந்தத் தெரிவு இல்லாத பழைய ரூட்டர் என்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் மடிக்கணினியை அந்த ரூட்டரோடு மட்டும் இணைத்து, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும். பிறகு அதே பக்கத்தில், முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை நிறுத்த வேண்டும். கடைசியாகத்தான், கீழிருந்து வரும் கேபிளை ‘வேன்’ (WAN) என்று எழுதிய தனி நிறப் போர்ட்டிலிருந்து பிடுங்கி, பக்கத்தில் உள்ள ‘லேன்’ (LAN) போர்ட்களில் ஒன்றில் செருக வேண்டும். டிஎச்சிபியை நிறுத்தாமல் கேபிளை மாற்றினால் ஒரே தெருவில் இரண்டு பேர் முகவரி வழங்கத் தொடங்குவார்கள். அப்போது வரும் குழப்பம் இப்போது இருப்பதைவிடப் பெரிதாக இருக்கும். வாசல் பெட்டி வழங்கும் முகவரிகள் 2-இலிருந்தே தொடங்குகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அதை 100-இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டால், கீழே உள்ள எண்கள் நம் கைவசம் இருக்கும். முடிந்ததும் புதிய முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி ரூட்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் விட்டு, பிறகு என் வீட்டு ரூட்டருக்குள் நானே போக முடியாமல் அரைநாள் அலைந்திருக்கிறேன்.

169.254 என்பதைப் பற்றிப் பெரம்பூர்க்காரர் நன்றாகச் சொல்வார். அவருக்கு மின்தடையில் நெடுநாள் அனுபவம்.

பெரம்பூர் ஒலிப்பெட்டி எழுதியது:

அழைத்ததற்கு நன்றி. எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்து மின்சாரத்தை நிறுத்தும் நாட்களும் உண்டு, அறிவிக்காமல் போகும் நாட்களும் உண்டு. ஆகவே இந்தப் பாடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

169.254 என்று தொடங்கும் முகவரி எந்த ரூட்டரும் கொடுத்ததல்ல. ‘முகவரி கொடுப்பார் யாருமில்லை’ என்ற முடிவுக்கு வந்த சாதனம், தனக்குத் தானே சூட்டிக்கொண்ட முகவரி அது. மின்சாரம் திரும்பியதும் ரிசீவர் அரை நிமிடத்துக்குள் எழுந்து முகவரி கேட்கிறது. வாசலில் உள்ள ஃபைபர் பெட்டியோ முழுதாக எழுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறது. கேட்டவருக்குப் பதில் இல்லை. தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பிறகு பெட்டி எழுந்தாலும் மறுபடி கேட்கும் பொறுமை எல்லா ரிசீவர்களுக்கும் இருப்பதில்லை. பிளக்கைப் பிடுங்கிப் போட்டதும் சரியாகிவிடுவது அதனால்தான், ஏனென்றால் அதற்குள் வாசல் பெட்டி விழித்திருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ரிசீவரின் அமைப்பில் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு முகவரியைக் கையால் எழுதிவிடுவது முதல் வழி. ஆலமரம் ஐயா சொன்னபடி 100-க்குக் கீழே உள்ள ஓர் எண், சப்நெட் மாஸ்க் என்ற இடத்தில் 255.255.255.0, கேட்வே என்ற இடத்தில் வாசல் பெட்டியின் முகவரியான 192.168.1.1 (உங்கள் பெட்டியின் அடியில் உள்ள ஒட்டுச்சீட்டில் இதைச் சரிபாருங்கள்), இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் என்ற இடத்திலும் அதே எண். டிஎன்எஸ் கட்டத்தைக் காலியாக விட்டால் கைபேசிச் செயலி வேலை செய்யும், வானொலி மட்டும் ஊமையாகிவிடும். பலர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

இந்த வழி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. என் வீட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். இரண்டு ஆண்டு கழித்துப் பழைய ஃபைபர் பெட்டி பழுதாகிப் புதியது வந்தபோது, அது வேறு தெருவைத் தொடங்கியது. ரிசீவர் மட்டும் பழைய தெருவிலேயே நின்றுகொண்டிருந்தது. நானே எழுதி வைத்தது என்பது நினைவுக்கு வர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று.

ஆகவே நான் இரண்டாம் வழியைப் பரிந்துரைக்கிறேன். வாசல் பெட்டி அணையாமலே இருக்கட்டும். ஃபைபர் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. அதற்கென்றே உள்ளங்கை அகல ரூட்டர் யுபிஎஸ், மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும். வாங்கும்போது பழைய அடாப்டரின் மீது அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். வோல்ட் ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் குறையாமல் இருக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் மின் இணைப்பில் பெட்டியைச் சேர்த்தாலும் போதும். ஆனால் சில இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ்’ என்றும் ‘நார்மல்’ என்றும் இரண்டு நிலைகள் கொண்ட சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மின்சாரம் மாறும் அந்தக் கணநேரத் தாமதத்திலேயே பெட்டி அணைந்து எழக்கூடும்.

இன்னொன்று. ரிசீவரை ரிமோட்டால் அணைத்த பிறகு கைபேசியிலிருந்து எழுப்ப வேண்டுமானால் ‘நெட்வொர்க் ஸ்டாண்ட்பை’ என்ற தெரிவை இயக்கி வைக்க வேண்டும். சிறிது மின்சாரம் செலவாகும். எனக்கு அது பொருட்டாகத் தோன்றவில்லை.

தாம்பரம் கம்பியாளர் எழுதியது:

விக்கலைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நுழைகிறேன். அம்மா, கேபிளின் முனையில் உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கனெக்டரை எடுத்து, அதன் கொக்கி கீழே இருக்கும்படியும், கேபிள் உங்கள் பக்கம் வரும்படியும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள் இடமிருந்து வலமாகத் தெரியும். அவற்றின் நிறங்களை அந்த வரிசையில் எழுதி அனுப்புங்கள். இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும்.

மந்தைவெளிவாசி எழுதியது:

பார்த்துவிட்டேன். இரண்டு முனைகளிலும் ஒரே வரிசைதான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. போட்டுக்கொடுத்தவர் சிறு டெஸ்டர் ஒன்றைச் செருகி, எட்டு விளக்குகளும் வரிசையாக எரிவதை எனக்குக் காட்டிவிட்டுத்தான் போனார்.

தாம்பரம் கம்பியாளர் எழுதியது:

நான் சந்தேகப்பட்டது இதைத்தான். பார்ப்பதற்கு அழகான வரிசை. நிறங்கள் ஜோடி ஜோடியாக அடுத்தடுத்து நிற்கின்றன. விளக்கு டெஸ்டரும் இதைத் தவறென்று சொல்லாது, ஏனென்றால் ஒன்றாம் கம்பி ஒன்றாம் கம்பிக்குப் போகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. ஆனால் இது தவறான வரிசை.

ஈதர்நெட் கேபிளுக்குள் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கியிருப்பது அலங்காரத்துக்காக அல்ல. ஒரு சமிக்ஞையை அனுப்பும் இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, மறுமுனையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ரிசீவர்களில் பொதுவாக உள்ள 100 மெகாபிட் போர்ட் 1, 2 ஆகிய இரண்டையும் ஒரு ஜோடியாகவும், 3, 6 ஆகிய இரண்டையும் இன்னொரு ஜோடியாகவும் பயன்படுத்துகிறது. உங்கள் கேபிளில் 3-ஆம் இடத்தில் வெள்ளைப் பச்சையும் 6-ஆம் இடத்தில் நீலமும் இருக்கின்றன. இவை இரண்டும் வேறுவேறு முறுக்கைச் சேர்ந்தவை, ஒன்றுக்கு மற்றது துணையில்லை. இரண்டு மீட்டர் கேபிளில் இது தெரியாமல் போய்விடும். 20 மீட்டரில், அதிலும் பக்கத்தில் மின்கம்பி ஓடினால், சமிக்ஞைகள் கெட்டுப்போய் மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டியதாகிறது. அந்தத் தாமதம்தான் உங்களுக்கு விக்கலாகக் கேட்கிறது.

சரியான வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நீல ஜோடி நடுவில் உட்கார, பச்சை ஜோடி அதன் இருபுறமும் நிற்கும். இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போட்டால் போதும், கேபிளை மாற்ற வேண்டாம். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல் போடச் சொல்லுங்கள்.

அந்தக் கேபிள் எந்தக் குழாய் வழியாக வருகிறது என்பதையும் பாருங்கள். 230 வோல்ட் கம்பி ஓடும் குழாய்க்குள்ளேயே சேர்த்து இழுத்திருந்தால், இசைக்காக அல்ல, உயிருக்காகவே அதைப் பிரித்துத் தனிக் குழாயில் போட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் சமாதானமாகப் பேச மாட்டேன்.

கிண்டி இசைப்பிரியன் எழுதியது:

கனெக்டரை மட்டும் மாற்றுவதற்குப் பதிலாக, ஒலிக்கென்றே வரும் வெள்ளி பூசிய உயர்தர ஈதர்நெட் கேபிள் ஒன்றைப் போட்டுவிட்டால் விக்கலும் போகும், தம்புராவின் நாதமும் கூடுதலாக விரியும். என் அனுபவத்தில் வேறுபாடு தெரிகிறது.

அடையாறு ஆலமரம் எழுதியது:

உங்கள் காதை நான் மறுக்கவில்லை நண்பரே, ஆனால் ஓய்வூதியத்தில் வாழ்பவரின் பணத்தைக் காப்பது என் கடமை. சிடி தரத்தில் இரண்டு சேனல் ஒலிக்கு விநாடிக்கு 1.4 மெகாபிட் போதும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றாலும் 9.2 மெகாபிட்தான். போர்ட்டின் வேகம் 100 மெகாபிட். ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் சரிபார்ப்பு எண்ணோடு வருகிறது. கெட்டுப்போனது தூக்கியெறியப்பட்டு மறுபடி கேட்டு வாங்கப்படுகிறது. வந்தவை ரிசீவரின் நினைவகத்தில் சேர்ந்த பிறகு அதன் சொந்தக் கடிகாரத்தின்படிதான் வெளியே போகின்றன. தம்புராவின் விரிவு கேபிளில் ஒட்டிக்கொண்டு வருவதற்கு இதில் இடமில்லை.

போர்ட்டின் உள்ளே ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, 1500 வோல்ட் வரை தாங்கும்படி இரு புறத்தையும் மின்ரீதியாகப் பிரித்து வைப்பது அதன் வேலை. உலோக உறையில்லாத சாதாரண யுடிபி கேபிளால் எர்த் வழியாக ரீங்காரம் வராமல் இருப்பதற்கு அதுதான் காரணம். உலோக உறையிட்ட கேபிளில், உலோகக் கனெக்டரோடு, அந்த உறையே இரண்டு அறைகளின் எர்த்தையும் இணைத்துவிட வாய்ப்புண்டு. வீட்டுக்குள் 20 மீட்டருக்கு யுடிபி கேட் 6 ரகக் கேபிள், அதுவும் அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியதாக இல்லாமல் முழுத் தாமிரமாக இருந்தால், அதற்கு மேல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

மார்கழிக் கச்சேரி எழுதியது:

பல்லவிக்கு முன்னால் விழும் மௌனம் என் பழைய பகைவன், ஆகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிடியில் ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று தடங்களைப் பிரித்திருந்தாலும், வட்டு சுழலும்போது நடுவில் இடைவெளி கிடையாது, வெறும் குறியீடுதான். கோப்புகளாக மாற்றும்போது அவை நான்கு தனிப் பொருள்களாகிவிடுகின்றன. எம்பி3-இல் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் குறியாக்கமே சிறிது மௌனத்தைச் சேர்த்துவிடும். நீங்கள் ஃபிளாக்கில் எடுத்திருப்பதால் அந்தக் குற்றம் இல்லை. உங்கள் மௌனம் ரிசீவரிலிருந்து வருகிறது. ஒரு தடம் முடிந்த பிறகுதான் அது அடுத்த கோப்பைக் கேட்கப் போகிறது. ஒன்று பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததன் முகவரியைச் சொல்லி வைக்கும் வசதி, டிஎல்என்ஏவுக்கு அடித்தளமான யுபிஎன்பியில் உண்டு, ஆனால் அது கட்டாயமல்ல. சில ரிசீவர்களில் இருக்கும், சிலவற்றில் இராது. இருந்தாலும் கைபேசிச் செயலி அதைப் பயன்படுத்தினால்தான் பலன். ஆகவே முதலில் வேறொரு கட்டுப்பாட்டுச் செயலியில் முயன்று பாருங்கள்.

அதிலும் மௌனம் விழுந்தால், ராகம் தானம் பல்லவி உள்ள சிடிக்களை மட்டும் எடுத்து, அந்தப் பகுதியை ஒரே நீண்ட ஃபிளாக் கோப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஃபூபார் 2000 போன்ற மென்பொருளில் எல்லாத் தடங்களையும் ஒரே கோப்பாக இணைக்கும் தெரிவு இருக்கிறது. ஃபிளாக் இழப்பற்றது என்பதால் ஒலி சிறிதும் கெடாது. தனி ஆவர்த்தனத்துக்கு நேராகவோ, அதைத் தாண்டியோ தாவ முடியாது என்ற குறை உண்டு. தனிக்கு எழுந்து காப்பி குடிக்கப் போகிறவர்களுக்கு அது குறையாகத் தெரியலாம், எனக்கு இல்லை. கீர்த்தனைகள் மட்டும் உள்ள சிடிக்களில் இதைச் செய்ய வேண்டியதே இல்லை. கைதட்டலுக்குப் பின் விழும் மௌனம் யாரையும் உறுத்துவதில்லை.

மந்தைவெளிவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். மாடி ரூட்டரில் ஆக்சஸ் பாயின்ட் தெரிவு இருந்தது. மகனைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு நானே மாற்றினேன். அது எழுந்த மறு நிமிடமே, மாடியில் உட்கார்ந்திருந்த என் கைபேசியில் ரிசீவரின் பெயர் வந்தது. கனெக்டர்களை வேறொருவரைக் கொண்டு மாற்றியாயிற்று. குழாய் தனிக் குழாய்தான் என்பதையும் அவரே திறந்து காட்டினார். நேற்றிரவு 24 பிட் கோப்பு ஒன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் விக்காமல் பாடியது. ரூட்டர் யுபிஎஸ் வாங்க வரும் சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறேன்.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. கைபேசி ரிசீவரைப் பார்க்கிறது, ரிசீவரும் கைபேசியைப் பார்க்கிறது. மடிக்கணினியை மட்டும் இப்போது கூடத்தில் வைத்தால்கூட இரண்டும் பார்க்கவில்லை. அதன் முகவரி 192.168.1.103, சரியான தெருவில்தான் இருக்கிறது.

அடையாறு ஆலமரம் எழுதியது:

அது விண்டோஸின் வேலை அம்மா. மாடி ரூட்டரை மாற்றிய பிறகு, தான் ஏதோ புது இடத்துக்கு வந்துவிட்டதாக மடிக்கணினி நினைத்திருக்கும். புதிய நெட்வொர்க்கை அது ‘பப்ளிக்’ என்று, அதாவது ரயில் நிலையத்து வைஃபையைப் போல, வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். அமைப்புகளில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போய், உங்கள் வைஃபையின் பண்புகளில் ‘பப்ளிக்’ என்பதைப் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். கோப்புகளைப் பரிமாறும் சர்வர் மென்பொருளை ஒருமுறை மூடித் திறங்கள். ஃபயர்வால் கேள்வி கேட்டால் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடச் சொல்லி யாராவது அறிவுரை கூறினால் கேட்காதீர்கள்.

மந்தைவெளிவாசி எழுதியது:

பிரைவேட் என்று மாற்றினேன், உடனே வந்துவிட்டது. மாடியில் மடிக்கணினி, கூடத்தில் ரிசீவர், கையில் கைபேசி என்று மூன்றும் ஒரே தெருவில் இருக்கின்றன. வேறு செயலியிலும் பல்லவிக்கு முன் மௌனம் விழுந்தது, ஆகவே ஒரு சிடியைச் சேர்த்துப் பார்த்தேன். தானத்தின் கடைசி மீட்டு ஓய்வதற்குள் பல்லவி எழுந்தது. இன்னும் முப்பதுக்கு மேல் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு சிறு சந்தேகம். கோப்புகளின் பெயரையும் ராகத்தையும் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். ரிசீவரின் முகப்பில் அவை வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. 400 சிடிக்கும் ஆங்கில எழுத்தில் மாற்றி எழுத வேண்டுமா?

மார்கழிக் கச்சேரி எழுதியது:

வேண்டவே வேண்டாம் அம்மா. முகப்பில் உள்ள சிறு திரைக்குத் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கைபேசிச் செயலியில் பாருங்கள், காம்போதி காம்போதியாகவே தெரியும். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யாரும் ரிசீவரின் முகப்பைப் படிக்கப் போவதில்லை.